ஆறு வருடமாக அலமாரியில் நிற்கும் பேன்டம்: 1/32 அளவு ஜெட் மாடல், நீண்டநாள் அனுபவம்

என் மேசைக்கு எதிரே உள்ள கண்ணாடி அலமாரியில் ஆறு வருடமாக ஓர் எஃப்-4ஜே பேன்டம் நிற்கிறது. அமெரிக்கக் கடற்படையின் போர் விமானம், 1/32 அளவு, அதாவது நிஜத்தில் 32-இல் ஒரு பங்கு. மூக்கு முனையிலிருந்து வால் நுனி வரை 55 செ.மீ.க்கு மேல், இறக்கை விரிவு 36 செ.மீ.க்கு மேல். கட்டி, வண்ணமடித்து முடிக்க 14 மாதம் ஆனது. முடித்த கையோடு எழுதியிருந்தால் பாதிக்கு மேல் காக்பிட்டைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இத்தனை நாள் தினமும் பார்த்த பிறகு கணக்கு மாறிவிட்டது. பெரிய அளவு மாடலில் நாள்பட நாள்பட கண்ணில் நிற்பது வண்ணப் பரப்புதான். உழைப்பில் பெரும்பங்கு அங்கேதான் போயிருக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம் காக்பிட்டிலேயே போனது. கிட்டோடு, அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியோடு, வந்த காக்பிட் மோசமில்லை. ஆனாலும் ரெசின் என்ற கெட்டிப் பிசினில் வார்த்த தனி செட் ஒன்றும், போட்டோ எட்ச் என்று சொல்லும் மெல்லிய பித்தளைத் தகடுகளும் வாங்கிப் பொருத்தினேன். ரெசினை எப்போதும் தண்ணீரில் நனைத்தே தேய்த்தேன், முகமூடியும் போட்டுக்கொண்டேன். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. உட்புறத்துக்கு அடர் சாம்பல், அதாவது அமெரிக்க அரசின் நிறத் தர எண்ணில் எஃப்எஸ் 36231. அதன் மேல் கருப்பும் பழுப்பும் கலந்த ஆயில் வாஷ், அதாவது இடுக்குகளில் தங்கும்படி நீர்க்கக் கரைத்த ஆயில் பெயிண்ட். அப்புறம் உலர்ந்த தூரிகையில் வெளிர் சாம்பலைத் தொட்டு விளிம்புகளை மட்டும் வருடி எடுத்தேன். ஒவ்வொரு மீட்டர் முகத்திலும் ஊசி நுனியால் பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு வைத்தால் கண்ணாடி போலவே நிற்கும்.

அதில் இன்றைக்கு வெளியே தெரிவது எவ்வளவு? விமானிகளின் தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூண்டு திறந்தேதான் இருக்கிறது. இருந்தும் கண்ணுக்குப் படுவது இரண்டு மார்ட்டின்-பேக்கர் இருக்கைகளின் மேல்பாதி, அவற்றின் தலைமாட்டில் உள்ள மஞ்சள்-கருப்புக் கைப்பிடிகள், தோள் பெல்ட்டுகள், முன்பலகையின் மேல்விளிம்பு. பக்கவாட்டுப் பலகைகளில் நான் ஒவ்வொன்றாக நிறம் வைத்த பொத்தான்களை டார்ச் அடித்தால்தான் பார்க்க முடியும். அந்த வேலையைச் செய்யும்போது கிடைத்த நிறைவு உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நேரம் குறைவாக உள்ள ஒருவர் கேட்டால், இருக்கைகள் இரண்டையும் நன்றாகச் செய்யுங்கள், மற்றது கிட்டில் உள்ளபடியே போதும் என்றுதான் சொல்வேன்.

இதற்கு நேர்மாறு, என்ஜினுக்குக் காற்று போகும் காற்றுவாய். பேன்டத்தைக் கொஞ்சம் முன்பக்கமாக நின்று பார்த்தால் முதலில் கண் போவது அந்த இரண்டு பெரிய வாய்களுக்குள்தான். உள்ளே வெள்ளைச் சுரங்கம். கிட்டில் அது இரண்டு பாதியாக வரும். ஒட்டினால் நடுவே ஒரு கோடு நீளமாக ஓடும், உப்புத்தாளைச் சுற்றிய விரல் அங்கே நுழையாது. குச்சி நுனியில் உப்புத்தாளை ஒட்டி முடிந்தவரை தேய்த்தேன். பிறகு பின்முனையை டேப்பால் அடைத்துவிட்டு, வெள்ளை அக்ரிலிக் பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து உள்ளே ஊற்றினேன். சுரங்கத்தைக் கையில் மெல்ல உருட்ட உருட்ட, பெயிண்ட் எல்லாச் சுவரையும் நனைத்தது. மிச்சத்தை வடித்துவிட்டு, ஒரு பக்கம் தேங்கிவிடாமல் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி வைத்தேன். இரண்டு நாள் காயவிட்டு இன்னொரு முறை ஊற்றினேன். மூன்றாவது முறைக்குப் பின் கோடு மறைந்துவிட்டது. இன்றும் நண்பர்கள் வந்தால் குனிந்து பார்ப்பது அந்த வெள்ளைச் சுரங்கத்தைத்தான்.

உடலைச் சேர்ப்பதில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேன்டத்தின் இறக்கை முனைகள் 12 பாகை மேல்நோக்கி மடங்கியிருக்கும், வால் சிறகுகள் சுமார் 23 பாகை கீழ்நோக்கித் தொங்கும். நிஜ விமானத்தை வடிவமைத்தபோது, காற்றுச் சுரங்கச் சோதனையில் முழு இறக்கைக்கும் 5 பாகை உயர்வு வேண்டும் என்று தெரிந்தபோது, நடுப்பகுதியை மறுபடி வடிவமைக்காமல் வெளிமுனைகளை மட்டும் 12 பாகை உயர்த்திச் சராசரியைச் சரிக்கட்டினார்கள். அந்த விமானத்தின் முகமே இந்தக் கோணங்களில்தான் இருக்கிறது. தடித்த அட்டையில் பாகைமானியை வைத்து வெட்டிய முட்டு ஒன்று செய்து, பசை காயும்வரை இருபக்கமும் கொடுத்து வைத்தேன். ஒரு பாகை பிசகினாலும் நேர் முன்னால் நின்று பார்க்கும்போது தெரிந்துவிடும். இந்த அளவில் அது இரட்டிப்பாய்த் தெரியும்.

இனி பெயிண்டுக்கு வருகிறேன்.

1/32 அளவில் எதையும் 32-ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இந்த மாடலில்தான் வந்தது. பேனல் கோட்டின், அதாவது உடல் தகடுகள் சேரும் கோட்டின், அகலம் 0.3 மி.மீ. என்றால் நிஜ விமானத்தில் அது ஒரு சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட சமம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி எங்கே இருக்கும்? அந்தக் கோட்டில் கருப்பு வாஷை ஊற்றினால் விமானம் தரைக்கல் பதித்த முற்றம் போல ஆகிவிடும். அதனால் சாம்பல் பரப்புக்குச் சாம்பலும் பழுப்பும் கலந்த வாஷ், வெள்ளைப் பரப்புக்கு இன்னும் வெளிறிய சாம்பல் என்று இரண்டு கலவை வைத்துக்கொண்டேன். ஆயில் பெயிண்டை வாசமில்லாத ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்தது. திறந்து மூடும் பாகங்களின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் அடர்த்தி கூட்டினேன்.

அமெரிக்கக் கடற்படை 1955-இல் கொண்டுவந்த வண்ண முறை இது: மேலே வெளிர் சாம்பல், எஃப்எஸ் 16440. கீழே வெள்ளை. இறக்கையின் மேல்புறத்திலும் அசையும் பாகங்கள் வெள்ளை. சக்கர அறைகள் வெள்ளை, கதவுகளின் விளிம்பு சிவப்பு. கேட்க எளிது. ஆனால் 55 செ.மீ. நீள உடலில் ஒரே சாம்பலை ஒரே சீராக அடித்தால் அது பிளாஸ்டிக்காகவே இருக்கும். முதல்முறை அப்படித்தான் அடித்தேன். காய்ந்த பின் பார்த்தபோது உயிரே இல்லை. மறுபடி உப்புத்தாள் எடுத்துத் தேய்த்து, மேல்புறம் முழுக்கக் கருப்பு ப்ரைமரிலிருந்து, அதாவது அடிப்பூச்சிலிருந்து, ஆரம்பித்தேன்.

அந்த இரண்டாவது சுற்றுதான் இந்த மாடலில் நான் செய்த சிறந்த வேலை. காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் 0.3 மி.மீ. ஊசி. பெயிண்ட் ஒரு பங்கு, அதைச் சமமாகப் பரவவைக்கும் லெவலிங் தின்னர் இரண்டு பங்கு. கம்ப்ரஸர் அழுத்தம் 12 பிஎஸ்ஐ அளவில். ஊசி முனை பரப்பிலிருந்து இரண்டு விரற்கடை தூரம்தான். ஒரு பேனலை எடுத்துக்கொண்டு அதன் நடுவில் எழுதத் தெரியாத குழந்தை கிறுக்குவது போல வளைந்து வளைந்து சாம்பலை ஓட்டினேன். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். விளிம்புகளில் கருப்பு கொஞ்சம் தங்கும். ஒரு பேனல் முடிய ஐந்தாறு நிமிடம். அடுத்த பேனலுக்கு அதே சாம்பலில் இரண்டு சொட்டு வெள்ளை. அதற்கடுத்ததில் ஒரு சொட்டு பழுப்பு. உடல் முழுக்க இப்படிப் போக மூன்று வார மாலைகள் ஆயின. முடிவில் பார்க்க அம்மைத் தழும்பு போல இருக்கும், பயந்துவிடக் கூடாது. அதன்மேல் அசல் சாம்பலை மிக மெல்லியதாகக் கரைத்து, ஒரு முழம் தள்ளி நின்று பனி போலப் படரவிட வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் தழும்புகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் ஒரு பூச்சு முன்னதாகவே நிறுத்தினேன், வாஷும் கடைசி வார்னிஷும் வித்தியாசத்தை இன்னும் அமுக்கும் என்று தெரிந்ததால்.

இன்னொன்றும் உண்டு. விமானந்தாங்கிக் கப்பலில் உப்புக் காற்று ஓயாது. துரு பிடிக்கும் இடத்தைச் சுரண்டி அங்கேயே பெயிண்ட் பூசிவிடுவார்கள். அதனால் நிஜப் படங்களில் சாம்பலுக்குள் சாம்பலாகச் சின்னச் சின்னத் திட்டுகள் தெரியும், அதிகமும் பேனல் ஓரங்களில். அதை நுனித் தூரிகையில் ஒவ்வொன்றாக வைத்தேன். இறக்கை வேரிலும் முதுகிலும் ஆட்கள் ஏறி நடக்கும் இடத்தில் மங்கிய அழுக்கு. அடிவயிற்றில் எண்ணெய் வழிந்த கோடுகள் பின்னோக்கி. இதெல்லாம் சேர்ந்ததும் அந்த விமானம் பணியில் இருந்த ஒன்றாகத் தோன்றியது.

வெள்ளைக்குக் கருப்பு ப்ரைமர் வேண்டாம். மூடுவதற்குள் பெயிண்ட் தடித்துவிடும். சாம்பல் ப்ரைமர் மேல் ஐந்து மெல்லிய பூச்சு போதும்.

வால் அடிப்பகுதி வேறு உலகம். இரண்டு ஜே79 என்ஜின்களின் நெருப்பு படும் அந்த இடத்தில் பெயிண்ட் கிடையாது, வெறும் உலோகம். பளபளப்புக் கருப்பை அடித்து இரண்டு நாள் காயவிட்டு, அதன்மேல் அல்க்ளாட் என்ற உலோக நிற லேக்கரை மெல்லியதாக அடித்தேன். கீழே உள்ள கருப்பு கண்ணாடி போல இருந்தால்தான் மேலே உலோகம் மின்னும். ஒரு தூசி இருந்தாலும் உலோகம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தகட்டுக்குத் தகடு மாஸ்கிங் டேப் போட்டு ஸ்டீல், வெளிறிய சுட்ட உலோகம், அடர் அலுமினியம் என்று மாற்றினேன். என்ஜின் வாய் ஓரத்தில் ஒளிபுகும் நீலமும் வைக்கோல் நிறமும் ஒரு மூச்சளவு.

டெக்கால்களைப் பற்றி, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், எழுத்துகளைப் பற்றி, அதிகம் சொல்வதற்கில்லை. பளபளப்புப் பூச்சு இல்லாமல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்கும். சிறு எழுத்து வாசகங்களே நூற்றுக்கணக்கில் இருந்தன, பொறுமை வேண்டும். கடைசிப் பூச்சுக்கு முழு மேட் அல்லாமல் பாதிப் பளபளப்பைத் தேர்ந்தெடுத்தேன். நிஜத்தில் அது பளபளப்புச் சாம்பல்தான், ஆனால் இந்த அளவில் முழுப் பளபளப்பு கண்ணை உறுத்தும்.

சரி, ஆறு வருடத்தில் என்ன ஆயிற்று?

முதலில் பிரச்சினை தந்தது எடை. ரெசின் காக்பிட், ரெசின் புகைவாய்கள், மூன்று எரிபொருள் தொட்டிகள், ஏவுகணைகள் எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோவுக்கு வந்துவிட்டது. பிளாஸ்டிக் சக்கரக்கால்கள் இரண்டாவது வருடக் கோடையில் மெல்ல வளைய ஆரம்பித்தன. இடது இறக்கை முனை மூன்று மி.மீ. தாழ்ந்திருந்ததை ஸ்கேல் வைத்துத்தான் கண்டுபிடித்தேன். காலைக் கழற்றி, நடுவில் துளை போட்டு, பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டினேன். அதற்குப் பின் அசையவில்லை. பெரிய அளவு ஜெட் கட்டுபவர்கள் இதைக் கட்டும்போதே செய்துவிட வேண்டும். முடிந்த மாடலைக் கவிழ்த்து வைத்துக் காலைப் பிடுங்குவது மனதைப் பதைக்க வைக்கிற வேலை.

சூப்பர் குளூவில் ஒட்டிய பித்தளைத் தகடுகளில் நான்கு விழுந்துவிட்டன. அந்தப் பசை இழுவையைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. அலமாரிக் கதவு அறைந்ததில் இரண்டு போயின. இரண்டு கலவை எபாக்சியில் ஒட்டியவை ஒன்றும் அசையவில்லை.

வார்னிஷ் விஷயத்தில் எனக்கே தெரியாமல் ஒரு சோதனை நடந்திருக்கிறது. உடலுக்கும் இறக்கைத் தொட்டிகளுக்கும் அக்ரிலிக் லேக்கர் வார்னிஷ். அடிவயிற்றில் தொங்கும் நடுத்தொட்டியை மட்டும் முன்பே முடித்துவிட்டதால் கையிலிருந்த எனாமல் வார்னிஷை அடித்திருந்தேன். மூன்றாவது வருடத்தில் அடிப்பக்கத்தைத் துடைக்கத் தூக்கியபோது பார்த்தால், நடுத்தொட்டி தந்த நிறம், பக்கத்தில் உள்ளவை வெள்ளை வெளேரென்று இருந்தன. வெயிலே படாத இடம் அது. எனாமல் இருட்டிலும் மஞ்சளடிக்கும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு வெள்ளைப் பரப்புக்கு அதை நான் தொடுவதே இல்லை.

உலோகப் பகுதியில் தேய்ந்த இடம் ஒன்றே ஒன்று: மாடலைத் தூக்கும்போது என் கட்டைவிரல் படும் வால் அடி. வார்னிஷ் பூசினால் மின்னல் போய்விடும் என்று வெறுமனே விட்டிருந்தேன். இப்போது அடிவயிற்றில் கைகொடுத்துத்தான் தூக்குகிறேன். தூசிக்கு மேக்கப் பிரஷ், அதுவும் முன்னிருந்து பின்னாக மட்டும்.

சாம்பல் பரப்பு மட்டும் முடித்த அன்று இருந்தபடியே இருக்கிறது. காலையில் சாய்வாக வெளிச்சம் விழும்போது அந்தத் திட்டுகள் தனித்தனியாக எழுந்து வரும். இரவு விளக்கில் எல்லாம் ஒன்றாகிவிடும். மூன்று வார மாலைகளில் கிறுக்கியதைத்தான் ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடுத்தொட்டியை நேற்றுக் கழற்றி எடுத்து 800 உப்புத்தாளில் தேய்க்க ஆரம்பித்திருக்கிறேன். மஞ்சள் போய், அடியில் சாம்பல் ப்ரைமர் தெரிய ஆரம்பித்திருக்கிறது.