டைமண்ட் கட்டிங் சேவை: இரண்டு ஃபிளாட்டை ஒன்றாக்க எந்த அளவுக்கு உதவும்?

சென்னையில் பக்கத்து ஃபிளாட்டையும் வாங்கி நடுச்சுவரைத் திறப்பவர்கள் முதலில் கேட்பது, டைமண்ட் கட்டிங் (வைரத்தூள் பதித்த பிளேடால் சுவரை அறுப்பது) ஆட்களைக் கூப்பிடுவதா, கொத்தனாரே போதுமா என்பதைத்தான். அது சுவரைப் பொறுத்தது. கான்கிரீட் தூண் (காலம்), உத்தரம் (பீம்) போட்டுக் கட்டிய பழைய அபார்ட்மென்ட்டில் நடுச்சுவர் பெரும்பாலும் 9 அங்குலச் செங்கல்தான். மைவான் முறையில், அதாவது அலுமினிய அச்சில் சுவரையும் தளத்தையும் ஒன்றாக, வார்த்த புதிய அடுக்குமாடிகளிலோ கான்கிரீட் சுவரே கட்டடத்தைத் தாங்குகிறது. டைமண்ட் பிளேடு இரண்டையும் ஒரே மாதிரி வெட்டிவிடும், ஆபத்தே அதில்தான். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கைக் கேட்காமல் அடி கணக்கில் ரேட் சொல்லும் டீம் வேண்டவே வேண்டாம்.

வேலைத் தரத்தில் குறை சொல்ல முடியாது. பிரேக்கர் வைத்து உடைத்தால் அதிர்வில் மேல்வீட்டுப் பூச்சு வரைக்கும் விரிசல் விடும். டைமண்ட் கட்டிங்கில் அதிர்வு மிகக் குறைவு, விளிம்பும் நேராக வரும். ஆனால் பிளேடு வட்டமானது. மூலையில் முழு ஆழம் இறங்க, கோட்டைத் தாண்டி வெட்டியாக வேண்டும். நல்ல டீம் நான்கு மூலையிலும் முதலில் கோர் துளை (சுவரை ஊடுருவும் வட்டத் துளை) போட்டுவிடும். போடாதவர்கள் விட்டுப்போகும் வெட்டிலிருந்துதான் பிறகு கீறல் ஓடுகிறது.

பெரிய தலைவலி தண்ணீர். பிளேடைக் குளிர்விக்க ஊற்றும் நீர் சிமென்ட் குழம்பாகி வயரிங் குழாய்க்குள்ளும் கீழ்வீட்டு சீலிங்கிலும் இறங்கும். தரையில் ஷீட் விரித்து வரப்பு கட்டி, வெட் வாக்யூமால் உறிஞ்சுவார்களா என்று முன்னதாகவே கேளுங்கள்.

செங்கல் சுவருக்கு இந்தச் செலவு அவசியமில்லை. அங்கே உயிர்நாடி லிண்டல், அதாவது திறப்புக்கு மேலே உள்ள சுவரைத் தாங்கும் குறுக்குச் சட்டம். 4 அடி திறப்புக்கு 5 அடி நீள 4 அங்குல சி-சேனல் (‘C’ வடிவ இரும்புச் சட்டம்) இரண்டு வேண்டும். இருபுறமும் 6 அங்குலம் சுவரில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் பாதித் தடிமனுக்குக் காடி வெட்டி, சேனலை வைத்து, சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சிமென்ட் கலவை) இறுக்கி, அது கெட்டியான பிறகே மறுபக்கம். இரண்டையும் போல்ட்டால் பிணைத்த பின்தான் கீழே செங்கலை எடுக்க வேண்டும். முதலில் உடைத்து, அப்புறம் லிண்டல் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

4 அடிக்கு 7 அடி திறப்பில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் இடிபாடு வரும், 25 கிலோ மூட்டையாக நாற்பதுக்கு மேல். கட்டிங் ரேட்டில் இது சேர்ந்ததா, லிப்டில் இறக்க அசோசியேஷன் விடுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

‘எல்லாம் நாங்களே’ என்கிற பேக்கேஜ்களில் எலக்ட்ரிக்கல் வேலையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இரண்டு ஃபிளாட்டும் வேறு வேறு ஃபேஸில் (கட்டடத்துக்கு வரும் மூன்று மின் லைன்களில் ஒன்று) இருக்கலாம். அப்படியானால் இரண்டுக்கும் நடுவே சுமார் 400 வோல்ட் இருக்கும். திறப்பை ஒட்டி ஒரே சுவிட்ச் போர்டில் இரண்டு வீட்டு மின் மீட்டர்களின் லைனையும் கொண்டுவருவது உயிருக்கே ஆபத்து. ஒரு வீட்டு நியூட்ரலை மற்றதோடு சேர்த்தால் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் சப்ளையைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி விழும். எலக்ட்ரீஷியன் ஆர்சிசிபியையே கழற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்றால் நம்பாதீர்கள். நியூட்ரலைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.