வாளையாறில் கஞ்சா கேஸா? புரோக்கரிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கேரள எல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஒரே விதமாக ஏமாற்றப்பட்டு வருகின்றன. சமீபத்திய உதாரணம் ஒரு லாரி கிளீனர் பையனின் வீடு. வாளையாறு செக்போஸ்டில் எக்சைஸ்காரர்கள் லாரியை நிறுத்தி 18 கிலோ கஞ்சா எடுத்தார்கள். டிரைவரோடு சேர்த்துப் பையனும் ரிமாண்ட். அன்று சாயங்காலமே கோர்ட் வாசலில் ஓர் ஆள் அம்மாவைப் பிடித்துக்கொண்டான். “அக்கா, பத்தே நாள்ல பையன் வெளிய வந்துருவானுங்க. பிராசிக்யூட்டர் முதக்கொண்டு எல்லாம் நமக்கு வேண்டியவங்கதான்.”

நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் ரொக்கமாகக் கொடுத்தார்கள். ரசீது கிடையாது. வக்கீலின் முகத்தையே அந்த அம்மா பார்த்ததில்லை. போட்ட இரண்டு ஜாமீன் மனுவில் ஒன்று தள்ளுபடி, இன்னொன்று வாபஸ். இதற்கிடையில் ரிமாண்டின் 60-ஆம் நாள் வந்து போனது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 63-ஆம் நாள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. இடையில் இருந்த இரண்டு நாளில் ஒரு பக்க மனு போட்டிருந்தால் கோர்ட் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். பையன் இன்னும் உள்ளே இருக்கிறான்.

அந்த 60 நாள் கணக்கை விளக்கமாகச் சொல்கிறேன். பணத்தை வாங்கிக்கொண்டு அதிகம் கோட்டை விடுவது இதில்தான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் எல்லாமே எடையை வைத்துத்தான். கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, அதாவது ‘கமர்ஷியல்’. எம்டிஎம்ஏ என்ற செயற்கைப் போதைப்பொருளுக்கு அதுவே அரை கிராம், 10 கிராம். ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். நடுவில் நிற்கும் அளவுக்குத் தண்டனை ‘பத்து வருடம் வரை’. கமர்ஷியலுக்கு குறைந்தபட்சமே பத்து வருடம், அதிகபட்சம் இருபது. ‘பத்து வரை’ என்று இருப்பதால், நடுத்தர அளவில் போலீசோ எக்சைஸோ 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போட வேண்டும். போடாவிட்டால் ஜாமீன் உரிமை தானாகப் பிறக்கிறது. கமர்ஷியலுக்கு 180 நாள். பிராசிக்யூட்டர், அதாவது அரசுத் தரப்பு வக்கீல், காரணம் காட்டி அறிக்கை கொடுத்தால் அதை ஒரு வருடம் வரை நீட்டலாம். அப்படி நீட்டும்போது குற்றம் சாட்டப்பட்டவர் கோர்ட் முன் இருக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடுத்தர அளவுக்கு இந்த நீட்டிப்பு கிடையாது.

நாளை எண்ணுவது கைதான தேதியிலிருந்து அல்ல, முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து, அதாவது மாஜிஸ்திரேட் முதலில் காவலில் வைக்க உத்தரவிட்ட நாளிலிருந்து. அந்த ரிமாண்ட் நாளும் கணக்கில் சேரும். மார்ச் 1 ரிமாண்ட் என்றால் ஏப்ரல் 29 அறுபதாம் நாள். ஏப்ரல் 30 காலையில் கோர்ட் திறக்கும்போது மனு கையில் தயாராக இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை முதலில் உள்ளே போய்விட்டால் உரிமை போச்சு. மனு முதலில் போய்விட்டால், பிறகு குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை நிற்கும். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஒரு போதைப்பொருள் வழக்கில், எம். ரவீந்திரன் வழக்கில், 2020-இல் வந்த தீர்ப்பு இது. இந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து, வக்கீலிடம் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிற வக்கீல் வேண்டாம்.

‘பத்து நாளில் ஜாமீன்’ என்பது கமர்ஷியல் கேஸில் பச்சைப் பொய். போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி பிராசிக்யூட்டரின் வாதத்தைக் கேட்க வேண்டும். அவர் எதிர்த்தால், இந்த ஆள் குற்றம் செய்யவில்லை என்று நம்பக் காரணம் உண்டு, வெளியே விட்டால் மறுபடி குற்றம் செய்யமாட்டான் என்று இரண்டையும் நீதிபதி ஏற்க வேண்டும். இதை யாரும் ‘பேசி’ முடிக்க முடியாது. ஆவணத்தில் ஓட்டை இருந்தால்தான் வழி.

ஆவணம் என்றால் முதலில் மகஜர், அதாவது பொருளைப் பிடித்தபோது அதிகாரிகள் எழுதும் பறிமுதல் பதிவு. நம் பக்கத்தில் அது மலையாளத்தில் இருக்கும், அதனால் வரிக்கு வரி மலையாளம் படிக்கிற வக்கீல் வேண்டும். கோயம்புத்தூர், பொள்ளாச்சி வக்கீலை வைத்தாலும், பாலக்காடு கோர்ட்டில் அன்றாடம் நிற்கிற ஒருவர் கூட இருக்கட்டும்.

நல்ல வக்கீல் மகஜரில் முதலில் தேடுவது எடை எழுதிய வரியை. பழுப்பு டேப் சுற்றிய பத்து பொட்டலம், பிளாஸ்டிக் கவரோடு சேர்த்து நிறுத்து 20 கிலோ 400 கிராம் என்று எழுதியிருப்பார்கள். டேப்பும் கவரும் நீக்கினால் 20-க்குக் கீழே இறங்கலாம், அப்போது 37-ஆம் பிரிவே பொருந்தாது. சரியாக 20 கிலோ என்றாலும் கமர்ஷியல் ஆகாது, அதைத் தாண்ட வேண்டும். கஞ்சா என்று சட்டம் சொல்வது பூவும் காயும் உள்ள நுனியை. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் வராது. பொட்டலத்தில் என்ன இருந்தது என்று மகஜர் எப்படி வர்ணிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் மாத்திரை, பவுடர் கேஸில் ‘கலப்படத்தைக் கழித்து எடை போடுவோம்’ என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். கலவை முழுவதன் எடையும் சேரும் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் முடிவாகிவிட்டது.

அடுத்தது மாதிரி எடுத்த விதம். 52ஏ பிரிவுப்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியல், மாதிரி, படம் எடுக்க வேண்டும். ரோட்டோரத்தில் ஒவ்வொரு பொட்டலத்திலும் கொஞ்சம் கிள்ளி ஒன்றாகக் கலந்து எடுத்திருந்தால் அதைக் கோர்ட்டில் வாதமாக எழுப்பலாம். அது ஒன்றாலேயே கேஸ் உடைந்துவிடாது, மற்ற ஓட்டைகளோடு சேர்த்துத்தான் பலம். உடம்பைச் சோதித்து எடுத்திருந்தால் 50-ஆம் பிரிவு: கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன் சோதனை கேட்கும் உரிமை உண்டு என்று சொன்னார்களா? சோதித்தது பையையோ வண்டியையோ மட்டும் என்றால் இது செல்லாது. லாரி கேஸில் இதை மட்டுமே நம்பி மனு போடுகிற வக்கீல் உங்கள் நாளை வீணாக்குகிறார். அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்று தூஃபான் சிங் – தமிழ்நாடு அரசு வழக்கில் 2020-இல் தீர்ப்பு இருக்கிறது. ‘பையன் ஒத்துக்கிட்டான், இனி ஒண்ணும் செய்ய முடியாது’ என்று புரோக்கர் பயமுறுத்தும்போது இதை நினைவில் வையுங்கள்.

கைதுக்கான காரணத்தைப் பையனுக்குப் புரிகிற மொழியில் தெரிவித்தார்களா என்றும் கேளுங்கள். மலையாளம் எழுதப்படிக்கத் தெரியாதவனிடம் மலையாளத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அது சின்ன விஷயமல்ல. காரணம் தெரிவிக்காத கைது செல்லாது, சட்டத்தில் ஜாமீனுக்குத் தடை இருந்தாலும் அது ஜாமீனுக்குக் காரணமாகும் என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வக்கீல் உண்மையிலேயே இருக்கிறாரா என்று பார்ப்பது எளிது. வக்காலத்தில், அதாவது வக்கீலை நியமிக்கும் தாளில், பையன் கையெழுத்து வேண்டும், சிறையில் இருந்தால் சிறை அதிகாரி சான்றிட்டு வரும். ‘வக்காலத்தெல்லாம் தேவையில்லை, நாங்க பாத்துக்கறோம்’ என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஈகோர்ட்ஸ் ஆப்பில் பெயரையோ கேஸ் எண்ணையோ போட்டால் அடுத்த தேதி, ஆஜரான வக்கீல், உத்தரவு நகல் எல்லாம் தெரியும். மனு ‘வாபஸ்’ என்று இருந்தால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். பீஸை வங்கி வழியாக வக்கீலின் கணக்குக்கே அனுப்புங்கள். ‘ஜாமீன் கிடைத்தால் இவ்வளவு’ என்று முடிவை வைத்துப் பீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஒரு குழி இருக்கிறது. உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாத குடும்பத்திடம் ‘ஆளும் கரம் (நிலவரி) கட்டிய ரசீதும் நாங்களே தர்றோம்’ என்று வருவார்கள். அந்த ரசீது போலியாக இருந்தால் ஜாமீன் ரத்தாகும், புது கேஸும் சேரும். வெளி மாவட்டத்து ஆள் என்பதற்காகவே ஜாமீன்தாரரை மறுக்கக் கூடாது என்று 1978-இலேயே மோதி ராம் வழக்கில் தீர்ப்பு உண்டு. ஒரு மாதத்தில் ஆள் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம்.

சிறிய அளவு கேஸில் ஏமாற்று வேறு மாதிரி. ‘ஒத்துக்கிட்டு பைன் கட்டிட்டு வந்துரு தம்பி’ என்பார்கள். ஒத்துக்கொண்டால் தண்டனை பதிவாகும், வளைகுடா வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். பழக்கத்துக்கு அடிமையான பையன் தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், 64ஏ பிரிவில் வழக்கிலிருந்து விலக்கு கேட்க வழி உண்டு. புரோக்கருக்கு அதில் வரும்படி இல்லை, அதனால் சொல்லமாட்டான்.

லாரி சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: வண்டி கேஸ் முடியும் வரை துருப்பிடிக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் வந்த பிஸ்வஜித் டே தீர்ப்பைக் காட்டி இடைக்கால விடுவிப்பு கேட்கலாம். கடத்தல் உங்களுக்குத் தெரியாது என்பதற்கு டிரிப் ஷீட், ஜிபிஎஸ் பதிவு, லோடு பில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

பணம் இல்லாதவர்கள் புரோக்கரிடம் போகத் தேவையே இல்லை. காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். இலவசச் சட்ட உதவிக்கான போன் எண் 15100. சிறையிலிருந்தே மனு கொடுக்கலாம், பாலக்காட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு நேரிலும் போகலாம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் கோர்ட்டுக்கு அலையாதீர்கள், வக்கீல் சேவை அதில் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. வக்கீல்மீது மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். இடைத்தரகனைப் பற்றி மாவட்ட நீதிபதிக்கு எழுதலாம், தரகர் பட்டியல் போட இப்போது அவருக்கு அதிகாரம் இருக்கிறது. பணம் வாங்கி ஏமாற்றியதற்குப் போலீசில் தனியாகப் புகார் கொடுக்கலாம். வாட்ஸ்அப் ஆடியோ, பணம் போன ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். வக்கீலை மாற்றுவது உங்கள் உரிமை, கேஸ் கட்டைப் பழைய வக்கீல் தர மறுத்தாலும் கோர்ட்டில் நகல் மனு போட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளலாம்.