அடியில் ஒரு கண்ணா, மேலே ஒரு கண்ணா, கையில் ஒரு பட்டையா?

யாராவது மூழ்கினால் கண்டுபிடித்து அலாரம் அடிக்கும் கேமராவை எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்குப் போடலாமா என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. "நீங்கள்தான் ஓய்வு பெற்றவர், பார்த்துச் சொல்லுங்கள்" என்று மூன்று விலைப்புள்ளிகளை என் கையில் திணித்துவிட்டார்கள். முதலாவது, குளத்தின் சுவரில் நீருக்கடியில் பதிக்கும் கேமரா. இரண்டாவது, கம்பத்திலிருந்து கீழே பார்க்கும் கேமரா. மூன்றாவதில் கேமராவே இல்லை, நீந்துகிறவர் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை. மூன்று தாள்களிலும் 'செயற்கை நுண்ணறிவு' தடித்த எழுத்தில் இருந்தது, பட்டைக்குக்கூட.

தாள்களை மூடி வைத்துவிட்டு, ஒரு பழைய கருநீலச் சட்டைக்குள் செங்கல்லை வைத்துக் கட்டி, மாலை நான்கு மணிக்கு ஆழமான பக்கத்தில் போட்டேன். ஆழம் ஐந்தரை அடி. மேற்குக் கரையில் நின்று பார்த்தபோது சட்டையின் காலர்கூடத் தெரிந்தது. கிழக்குக் கரைக்கு வந்தேன், ஒன்றுமில்லை. எதிர்வெயில் தண்ணீர் மேல் தகரம் போலப் பளபளத்தது. மறுபடி மேற்குக்குப் போனேன். அதற்குள் நான்கு பையன்கள் குதித்துவிட்டார்கள். அலையில் சட்டை துண்டு துண்டாக உடைந்து, எது சட்டை, எது நிழல் என்று பிரிக்க முடியாமல் போனது. அங்கே சட்டை கிடக்கிறது என்று தெரிந்த எனக்கே இந்த நிலை.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி சிரித்தார். "ஐயா, கத்துகிறவனை யாரும் பார்த்துவிடுவார்கள். கத்தாமல் போகிறவனைத்தான் கண்டுபிடிக்க முடியாது."

அவர் அனுபவத்தில் சொன்னதை அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா பல பத்தாண்டுகளுக்கு முன்பே படம் பிடித்து ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். மூழ்குகிறவரால் பெரும்பாலும் கூப்பிட முடியாது, வாய் மூச்சுக்கே போதாது. கைகளை ஆட்டி உதவி கேட்கவும் முடியாது, அவை பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். உடம்பு செங்குத்தாக நிற்கும், கால்கள் உதைக்காது. இந்த நிலையில் 20 முதல் 60 நொடி வரை மேலே இருப்பார், பிறகு உள்ளே போய்விடுவார். விளையாடுகிற குழந்தைக்கும் இவருக்கும் வித்தியாசம் தூரத்திலிருந்து அவ்வளவாகத் தெரியாது.

எனவே விலையைப் பார்ப்பதற்கு முன், இந்தக் கருவி எந்த நொடியில் விழித்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

நீருக்கடிக் கேமரா தாமதமாக விழிக்கிறது. ஒருவர் அடிக்குப் போய் அசையாமல் கிடக்கும்போதுதான் சுமார் 10 நொடி பார்த்துவிட்டு அலாரம் அடிக்கும். இந்த வகையில் மூத்தது பிரான்சில் உருவான பொசைடன். 2000-ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டின் அன்செனி ஊர்ப் பொதுக் குளத்தில், நீருக்கடியில் மூச்சடக்கி நீந்திக்கொண்டிருந்த 18 வயது இளைஞர் மயங்கி அடியில் போய்விட்டார். அலாரம் கேட்டு உயிர்காப்பாளர்கள் தூக்கினார்கள், பிழைத்தார். 2005 ஆகஸ்டில் வேல்ஸின் பாங்கர் நகரக் குளத்தில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி 3.8 மீட்டர் ஆழத்தில் போய்க் கிடந்தாள். அங்கும் இதே கருவிதான் மணி அடித்தது. அந்தக் குளத்துக்கு அப்போது ஆன செலவு சுமார் 65,000 பவுண்டு.

தாமதம் என்றதும் இதைத் தள்ளிவிடத் தோன்றும். நான் தள்ளவில்லை. மூச்சடக்கும் போட்டியில் மயங்குகிற பையன் மேலே வந்து போராடுவதே இல்லை, நேராக அடிதான். அவனைப் பொறுத்தவரை இதுவே முதல் சாட்சி. மூளைக்குப் பிராணவாயு நின்று நான்கைந்து நிமிடத்துக்குள் தூக்கிவிட்டால் பெரும்பாலும் நல்லபடி முடிகிற விஷயத்தில், 10 நொடி பெரிய இழப்பில்லை. அசைவற்ற உடம்பு என்பது கணினிக்கு எளிதான கேள்வி என்பதால் வீண் அலாரமும் குறைவு. குறை வேறிடத்தில் இருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் வடிகட்டி மக்கர் செய்து எங்கள் குளம் பாசிப்பச்சையாக மாறும் அந்த இரண்டு வாரம், இந்தக் கண்ணுக்குக் கண்புரை.

மேலிருந்து பார்க்கும் கேமரா சீக்கிரம் விழிக்கப் பார்க்கிறது. அடிக்குப் போகும் முன்பே, அந்த 20 முதல் 60 நொடிக்குள், தலை ஏறி இறங்குவதையும் உடம்பு ஒரே இடத்தில் நிற்பதையும் வைத்துக் கணிக்கிறது. குளத்தை உடைக்க வேண்டாம், கம்பம் போதும். இஸ்ரேலின் லிங்க்சைட் போன்ற நிறுவனங்கள் ஏற்கெனவே இருக்கிற கண்காணிப்புக் கேமராக்களையே பயன்படுத்தி, உயிர்காப்பாளரின் கைக்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கருநீலச் சட்டையை என்னிடமிருந்து மறைத்த அதே வெயில் இதற்கும் எதிரி. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2003-இலேயே திறந்தவெளிக் குளங்களுக்கான இத்தகைய அமைப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் மல்லுக்கட்டியதும் பளபளப்போடும் சிற்றலையோடும்தான். கூரை போட்ட குளத்தில் இது வேறு கதை. எங்களுடையது திறந்தவெளி, பிள்ளைகள் கூடுவதும் சரியாக வெயில் சாயும் நேரத்தில்.

வீண் அலாரமும் இதில்தான் அதிகம் எதிர்பார்க்க வேண்டும். மல்லாந்து மிதக்கும் பாட்டி, கழுத்தளவு நீரில் நின்று கதை பேசும் இருவர் என்று சந்தேகத்துக்கு இடம் நிறைய. புலி வருகிறது கதைதான், நாலாவது நாள் கடிகாரத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கைப்பட்டையை விரைவாக முடித்துவிடலாம். ஸ்வீடனின் சென்டாக் இந்த வகை. குறித்த ஆழத்துக்குக் கீழே குறித்த நேரத்துக்கு மேல் இருந்தால் மணி அடிக்கும். கலங்கல் நீரானாலும் வெயிலானாலும் கவலை இல்லை. நீச்சல் வகுப்புக்கு அருமையானது. ஆனால் மதியம் பந்தை எடுக்கப் போய்த் தவறி விழும் மூன்று வயதுக் குழந்தை பட்டை கட்டிக்கொண்டு விழாது.

மூன்று தாள்களிலும் பதில் இல்லாத கேள்வியை என் மனைவி கேட்டாள்: "பெண்கள் நீந்துகிற நேரத்துப் படம் யார் போனில் இருக்கும்?" விற்பனையாளர்களுக்கு எழுதினேன். ஒருவர் மட்டும், படம் வெளியே போகாமல் குளத்தருகே வைக்கும் கணினிப் பெட்டியிலேயே அழிந்துவிடும் என்றார். எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

சரி, ஆளே போதுமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. உயிர்காப்பாளர்களுக்கு 10/20 என்று ஒரு விதி உண்டு: தன் பகுதியை 10 நொடியில் ஒருமுறை கண்ணால் துழாவ வேண்டும், ஆபத்தில் இருப்பவரை 20 நொடியில் எட்ட வேண்டும். 2001-இல் அமெரிக்காவில் 90-க்கும் மேற்பட்ட குளங்களில் முன்னறிவிப்பின்றிப் பொம்மையை மூழ்கடித்துப் பார்த்தார்கள். அதைக் கவனிக்கச் சராசரியாக 1 நிமிடம் 14 நொடி ஆனது. முதல் 10 நொடியில் கவனித்தது 9 சதவீதம்தான். பயிற்சி பெற்றவர்களே இப்படி. எங்கள் தம்பியோ குளோரின் போடுவதிலிருந்து கூரியர் வாங்குவது வரை பார்க்கிறார்.

ஆனால் கேமரா தண்ணீரில் குதிக்காது. அன்செனியிலும் பாங்கரிலும் மணி அடித்தபோது கரையில் ஆள் இருந்தார். எங்கள் குளத்தில் மதியம் ஒன்று முதல் மூன்று வரை யாரும் இல்லை. அந்த நேரத்துக்கு வேலியும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும்தான் மருந்து. பிரான்சில் 2003-இல் வந்த சட்டம், தரையில் பதித்த தனியார் குளங்களுக்கு வேலி, மூடி, கூடாரம், அலாரம் ஆகிய நான்கில் ஒன்று கட்டாயம் என்றது.

சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: முதலில் கதவு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். அடுத்து, குளம் திறந்திருக்கும் நேரம் முழுக்க வேறு வேலை இல்லாத ஓர் ஆள். இவ்விரண்டும் ஆன பிறகு பணம் மிச்சமிருந்தால் நீருக்கடிக் கேமரா. மேல் கேமரா எங்கள் வெயிலுக்கு வேண்டாம்.

பொருளாளர் முகம் சுளித்தார், மேல் கேமராதான் விலை குறைவு. அந்த விற்பனையாளரை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம். தெருமுனைத் துணிக்கடையில் ஒரு குழந்தைப் பொம்மையை இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். உள்ளே மணல் நிரப்பினால் மூழ்கும் என்று கடைக்காரர் சொல்கிறார்.