டாஸ் ஸ்டுடியோ: இன்ஸ்டால் மேனேஜரா, கைவேலையா?

புதுக் கம்ப்யூட்டரில், 3D உருவங்களை வைத்துப் படம் உருவாக்கும் மென்பொருளான டாஸ் ஸ்டுடியோவை ஏற்றுவது பெரிய வேலையில்லை. அதற்காக வருடக்கணக்கில் சேர்த்த உருவங்கள், உடைகள், தலைமுடிகளை மறுபடி நிறுவுவதுதான் தலைவலி.

டாஸ் கடையில் வாங்கியவற்றை இறக்கி நிறுவித் தரும் இன்ஸ்டால் மேனேஜரில் லாகின் செய்து, வேண்டியதை டிக் அடித்துவிட்டுத் தூங்கப் போகலாம். எந்தக் கோப்பு எந்தப் பொருளுடையது என்று அது குறித்து வைத்துக்கொள்வதால், பிறகு ஒன்றை மட்டும் சுத்தமாக நீக்கவும் முடியும். ஆனால் விண்டோஸில், நாம் மாற்றாவிட்டால் எல்லாவற்றையும் சி டிரைவில் பப்ளிக் டாகுமென்ட்ஸுக்குள் கொட்டிவிடும். முதல் காரியமாக செட்டிங்ஸில் டி டிரைவைக் காட்டிவிடுங்கள். நிறுவியதும் ஜிப்பை அழிக்கும் டிக்கையும் போடுங்கள். இல்லையென்றால் ஒரே பொருள் ஜிப்பாகவும் பிரித்ததாகவும் இரண்டு முறை இடத்தை அடைக்கும்.

வெளிக்கடைகளில் வாங்கியவற்றுக்குப் பெரும்பாலும் கையால் பிரிப்பதுதான் வழி. ஒருமுறை ஜிப்புக்குள் இருந்த 'கன்டென்ட்' ஃபோல்டரை அப்படியே லைப்ரரிக்குள் (ஸ்டுடியோ பொருட்களைத் தேடும் ஃபோல்டர்) போட்டுவிட்டேன். சட்டையைத் தேடிப் பிடித்து டபுள் கிளிக் செய்தால், கோப்பைக் காணோம் என்கிறது! அந்த 'கன்டென்ட்' ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டா, பீப்பிள், ரன்டைம் ஃபோல்டர்களைத்தான் லைப்ரரியின் மேல்மட்டத்தில் கலக்க வேண்டுமாம். அரை நாள் போச்சு.

இப்போது டாஸ் கடைச் சரக்கு முழுக்க மேனேஜர் பொறுப்பு. வெளிச்சரக்குக்குத் தனி லைப்ரரி. இரண்டையும் ஸ்டுடியோவில் சேர்த்துக் காட்டிக்கொள்ளலாம்.