பழைய மாடல் காரைப் புதுப்பிக்க யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

'பழைய ஸ்கேல் மாடல் கார்களைப் புத்தம் புதுசாக்கித் தருகிறோம்' என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடுகிற ஒருவரிடம் என் காரைக் கொடுத்தேன். பாழாகித் திரும்பி வந்திருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் ஆள் எப்படிப் பேசுவார், எப்படி வேலை செய்வார் என்று சொன்னால் உங்கள் பக்கம் வரும்போது அடையாளம் தெரிந்துவிடும்.

கார், ஹசேகவா கம்பெனியின் 1/24 அளவு லான்சியா டெல்டா. 1987 முதல் 1992 வரை உலக ரேலி போட்டியில் தொடர்ந்து ஆறு வருடம் தயாரிப்பாளர் பட்டத்தை லான்சியாவுக்கு வாங்கிக் கொடுத்த வண்டி. தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் இருந்த மாமா, பாகம் பாகமாக ஒட்டிக் கட்டுகிற கிட்டாக வாங்கி வந்தார், கல்லூரி விடுமுறையில் நான் கட்டினேன். எனாமல் பெயின்ட், பிரஷ் வேலை. வருடங்கள் ஓடியதில் வெள்ளை மங்கியது, டிகால்கள் (மேலே ஒட்டும் அச்சுப் படங்கள்) பழுப்பேறின, ஒரு பக்கக் கண்ணாடியும் வைப்பரும் விழுந்துவிட்டன. மற்றபடி வண்டி முழுசாகவே இருந்தது.

போனில் ஆள் அவ்வளவு இனிமை. "கவலையே படாதீங்க சார், ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி வந்துடும்" என்றார். பழைய பெயின்டை எதை வைத்து எடுப்பீர்கள் தம்பி என்று கேட்டதற்கு, "அது ட்ரேட் சீக்ரெட் சார்" என்று சிரித்தார். மொத்தம் 7,500 ரூபாய், அதில் 5,000 முன்பணம், ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டால் வேலை முடிந்ததும் தருவதாகச் சொன்னார். பார்த்துச் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று கிட்டின் பெட்டியையும் கூடவே அனுப்பினேன். அதில் செய்முறைக் கையேடு, மீந்த பாகங்கள், ஒட்டாத டிகால்கள் எல்லாம் இருந்தன.

பல மாதம் இழுத்தடித்து, மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் பார்சல் வந்தது. தூரத்தில் வைத்துப் பார்த்தால் பளபளப்புதான். கையில் எடுத்தால்தான் விஷயம் தெரிகிறது. கூரையிலும் கதவுகளிலும் பெயின்டுக்கு அடியில் பிளாஸ்டிக்கே காய்ந்த குளத்து மண் போல வெடித்திருக்கிறது. இந்த வண்டியின் பானெட்டில் காற்றுப் போக வரிசையாகத் துவாரங்கள் உண்டு, ஹசேகவா அவற்றை அவ்வளவு கூர்மையாக வார்த்திருப்பார்கள். இப்போது அந்த இடத்தில் புட்டி அடைத்து, தேய்த்து, மேலே கெட்டியாகப் பெயின்ட் அடித்திருக்கிறார். துவாரம் இருந்ததற்கு அடையாளமாக லேசான மேடு பள்ளம்தான் மிச்சம். கதவின் கோடுகள் பாதிக்கு மேல் காணவில்லை.

காரணம் என்.சி. தின்னர். பட்டறையில் டூகோ பெயின்ட் கலக்குவார்களே, அதேதான். பிறகு சண்டை வந்தபோது அவர் வாயாலேயே வந்தது. இந்த கிட்களின் பாடி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். தின்னரில் இருக்கும் டொலுவீன், அசிட்டோன் மாதிரியான கரைப்பான்கள் அதைக் கரைத்துவிடும். மாடல் ஒட்டுகிற சிமென்ட்டே பிளாஸ்டிக்கின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்துத்தான் இரண்டு பாகத்தையும் ஒன்றாக்குகிறது, அப்படியிருக்க முழு பாடியையும் தின்னரில் ஊறப் போட்டால் என்ன ஆகும்? உலோகத்தில் வார்த்த டைகாஸ்ட் கார் என்றால் தாங்கும். இவருக்கு அந்தப் பழக்கம்தான் போலிருக்கிறது. "டமியா ஸ்பிரேயே லாக்கர்தானே சார்" என்று, மாடல்களுக்கென்றே விற்கும் ஸ்பிரேயைச் சொல்லி என்னிடமே வாதம் செய்தார். லாக்கரிலும் இதே மாதிரிக் கரைப்பான்தான், ஆனால் ஸ்பிரே மெல்லிய படலமாக விழுந்து சீக்கிரம் காய்ந்துவிடும், ஊறப் போடுவது வேறு கதை. அக்ரிலிக் பெயின்ட் என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலிலேயே இளகிவிடும். பிடிவாதமான பழைய எனாமலுக்குப் பிரேக் ஆயிலில் ஊறவைப்பார்கள், அது பாலிஸ்டைரீனை ஒன்றும் செய்யாது. கையுறை மட்டும் வேண்டும்.

அடுத்து முன்கண்ணாடி. ஓரம் முழுக்க வெள்ளைப் புகை படிந்திருக்கிறது. ஃபெவிக்விக் வகைப் பசையிலிருந்து எழும் ஆவி, தெளிவான பிளாஸ்டிக்கில் அப்படித்தான் படியும். சாதாரண ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறமே தெரியாது. அந்தப் பத்து ரூபாய் விஷயம் தெரியாத ஆளுக்குத்தான் இத்தனை ஆயிரம் கொடுத்திருக்கிறேன். லான்சியா அணியின் ஸ்பான்சரான மார்டினியின் பட்டைகளுக்குத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டிகால் கிடையாது, கடையில் அச்சடித்த வினைல் ஸ்டிக்கர். விளிம்பு நகத்தில் தட்டுகிறது. வெளிர்நீலம், கருநீலம், சிவப்பு என்று மூன்று நிறம் வர வேண்டிய இடத்தில் இரண்டு நீலமும் ஒரே நீலமாகிவிட்டது. மார்டினி நிறத்தில் லான்சியாவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இதையெல்லாம் திறமைக் குறைவு என்று விட்டுவிடலாம். ஆனால் கிட்டின் பெட்டி வரவில்லை. கேட்டால் முதலில் "அனுப்பிட்டேனே சார்" என்றார். கூரியர் ரசீதில் எடை போட்டிருக்கிறது, காரும் அட்டையும் மட்டும் வந்த எடை. அதைக் காட்டியதும் "நீங்க பெட்டியே அனுப்பல" என்று மாறிவிட்டார். நான் பேக் செய்யும்போது எடுத்த படம் இருக்கிறது, அதை அனுப்பியதும் பிளாக். பழைய கிட்டின் கையேடும் டிகாலும் தனியாகவே விலை போகும் என்பது இந்தப் பக்கம் புழங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று. அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருக்கும் 'முன்பு, பின்பு' படங்களில் சிலவற்றை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். ஐரோப்பாவில் மாடல் கட்டுகிற வேறொருவர் பல வருடம் முன்பே போட்ட படங்கள்! மூலையில் இருந்த அவர் பெயரை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

ஆகவே யாரிடம் கொடுத்தாலும், பெயின்டை எதில் எடுப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள். ரகசியம் என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பாதி வேலையில், பெயின்ட் எடுத்த வெறும் பாடியின் படம் கேளுங்கள். கேடு நடப்பது அந்தக் கட்டத்தில்தான், மேலே பெயின்ட் ஏறிவிட்டால் படத்தில் ஒன்றும் தெரியாது. கையேட்டை ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும், டிகால் தாளைத் தேவைப்படும்போது தனியாகக் கொடுக்கலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். பில் இல்லாததால் பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல், கூரியர் ரசீது எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். இதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணமும் இல்லை.

பாடிக்கு இனி வழியில்லை, அதே கிட் எங்காவது கிடைத்தால் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு உதவி: பழைய லான்சியா டெல்டா கையேடு எதுவும் விற்பனைக்கு வந்தால் பின்னட்டையைப் பாருங்கள். சிங்கப்பூர் டாலரில் விலை போட்ட பாதி கிழிந்த சீட்டு ஒட்டியிருந்தால் எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்.