பலாவ் ராக் ஐலண்ட்ஸ் போட் டூர்: பாறையப் பத்தி பேசுற கைடு கிடைச்சா விடாதீங்க

பசிபிக் கடல்ல இருக்குற பலாவ் நாட்டோட பெரிய ஊர் கொரோர்ல இருந்து காலையில கிளம்பி, ராக் ஐலண்ட்ஸ்ங்கிற சுண்ணாம்புப் பாறைத் தீவுங்களைச் சுத்திட்டு சாயங்காலம் திரும்புற போட் டூர் இது. பலாவ்னா எல்லாரும் ஜெல்லிமீன் போட்டோதான் போடுறாங்க, ஆனா நான் கொடுத்த காசுக்குப் பலன் கிடைச்சது எங்க கைடு அந்தத் தீவுங்க எப்படி உருவாச்சுன்னு காட்டின விதத்துலதான்.

ஒரு தீவுக்கு அடியில போட்டை ஒட்டிக் கொண்டுபோய் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு அண்ணாந்து பாக்கச் சொன்னார். பாறை தலைக்கு மேல நீட்டிட்டு நிக்குது, தண்ணி மட்டத்துல மட்டும் உள்ள குடைஞ்சிருக்கு. கடலுக்கடியில பவளம் கட்டின சுண்ணாம்புப் பாறை நிலத்தோட மேல எழும்பி வந்தது, இப்ப மழை மேல கரைக்க, கீழ கடல் அரிக்க, தீவெல்லாம் காளான் மாதிரி ஆயிடுச்சு. இடுக்குல ஓடோட அப்பியிருந்த கைட்டான்ங்கிற நத்தை மாதிரி கடல் உயிரி ஒண்ணையும் காட்டினார், விரல் நீளம்கூட இல்ல, பாசிக்காகப் பாறையையும் சேர்த்து சுரண்டுதாம், இந்தக் குடைவுல அதுக்கும் பங்கு உண்டு!

ஜெல்லிமீன் ஏரிக்கு தனி பெர்மிட் வேணும். செங்குத்தான சுண்ணாம்பு மேட்டை ஏறி இறங்கணும், வழுக்கும், நல்ல ஷூ போடுங்க. பாறை வெடிப்பு வழியா ஏரிக்குள்ள கடல்தண்ணி வந்து போகுது, ஆனாலும் சுமார் 15 மீட்டருக்குக் கீழ ஆக்சிஜனே இல்ல, விஷமான ஹைட்ரஜன் சல்பைடு, அதனால சிலிண்டர் மாட்டி முங்குற ஸ்கூபாவுக்குத் தடை, மூச்சுக்குழாய் வச்சு மேலாக நீந்துற ஸ்நார்க்கல் மட்டும்தான். 2016ல ஜெல்லிமீன் கிட்டத்தட்ட காணாமப் போயி அப்புறம் திரும்பப் பெருகியிருக்கு, தயவுசெஞ்சு கால்ல மாட்டுற துடுப்பால அடிச்சிடாம மெதுவா நீந்துங்க. பவளத்துக்குக் கெடுதலான சன்ஸ்கிரீன் 2020ல இருந்தே பலாவ்ல தடை.

மில்கி வேங்கிற கடல் குடாவுல அடியில வெள்ளை சுண்ணாம்புச் சேறு, எல்லாரும் பூசிக்கிட்டாங்க, அவ்ளோதான்.

குறைன்னா, பலாவோட பெரிய தீவு பாபெல்தாப் இந்த டூர்ல வரல. அது எரிமலைப் பாறைத் தீவு, செம்மண், ஆறு, ங்கார்ட்மாவ் அருவி எல்லாம் இருக்கு, ராக் ஐலண்ட்ஸ்ல பெய்யுற மழையோ சுண்ணாம்புக்குள்ள இறங்கிடும், ஆறே கிடையாது. ரெண்டையும் பார்த்தாதான் பலாவ் முழுசா புரியும், கொரோர்ல இருந்து பாலத்துலயே போயிடலாம், காரை வாடகைக்கு எடுத்து அடுத்த நாளே பாத்துருங்க. டூருக்கு 5க்கு 4.