எட்டு வருடமாக ஐஎன்ஐ கோப்பு: எல்லாம் சரி, அந்த % மட்டும்

நண்பன் ஒருவன் புதிதாக ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கியிருக்கிறான். "டேட்டாபேஸ் கனெக்‌ஷன் விவரத்தையெல்லாம் எங்கே வைக்கிறது? நீ வருஷக்கணக்கா ஐஎன்ஐ கோப்புதானே வச்சிருக்கே, அதையே எடுத்துக்கலாமா?" என்று கேட்டான். ஐஎன்ஐ என்பது ஒரு புரோகிராமின் அமைப்புகளைப் பெயரும் மதிப்புமாக வரி வரியாக எழுதி வைக்கும் எளிய உரைக்கோப்பு. போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் "எடுத்துக்கோடா" என்று சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டது இந்த வாரம். மூன்று நாள் முன்புதான் ஓர் இரவு முழுக்க அந்தக் கோப்போடு மல்லுக்கட்டியிருந்தேன். அதனால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

நான் பயன்படுத்துவது எல்லாருக்கும் தெரிந்த அமைப்புதான். ஐஎன்ஐ கோப்பைப் படிக்க, பைத்தான் மொழியோடு சேர்ந்தே வரும் கான்ஃபிக்பார்சர் மாட்யூல், அந்தப் பக்கம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பைத்தானை அதோடு இணைக்க நடுவில் சைகோபிஜி2. கோப்பில் சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு, அதன் கீழே ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு. பைத்தான் 2.7 காலத்தில் தொடங்கியது. அப்போது அந்த மாட்யூலின் பெயரில் முதல் எழுத்து பெரிய எழுத்து. பைத்தான் 3-க்கு மாறியபோது அதைச் சின்ன எழுத்தாக்கினேன், மற்றபடி கோட் பெரிதாக மாறவில்லை. இன்று ஏழு சர்வர்களில் அதே பதினைந்து வரி ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. அந்தத் தலைப்பின் கீழ் உள்ள வரிகளையெல்லாம் ஒரு டிக்‌ஷனரியாக எடுத்து, இரண்டு நட்சத்திரக் குறி போட்டு அப்படியே கனெக்ட் ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறேன். எட்டு வருடம் முன்பு சோம்பலில் செய்த காரியம் இது. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக எடுத்து எழுத நேரமில்லை, அவ்வளவுதான். ஆனால் இதன் அருமை போகப் போகத்தான் தெரிந்தது. சைகோபிஜி2-க்கு அடியில் இருந்து கனெக்ட் செய்யும் போஸ்ட்கிரெஸின் லிப்பிக்யூ லைப்ரரி ஏற்றுக்கொள்ளும் எந்த அமைப்பையும், கோடைத் தொடாமல், கோப்பில் ஒரு வரி சேர்த்தே கொடுத்துவிடலாம். ஒருமுறை நடுவில் புதிதாக ஃபயர்வால் வைத்தார்கள். சர்வர் கிடைக்காதபோது புரோகிராம் பிழை சொல்லாமல் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. கனெக்ட்_டைம்அவுட் என்ற அமைப்பைக் கொடுக்காவிட்டால் லிப்பிக்யூ தன் பக்கத்தில் காலக்கெடு எதுவும் வைக்காது. கோப்பில் அந்தப் பெயர் போட்டு 5 என்று ஒரு வரி, முடிந்தது. டேட்டாபேஸை வேறு மெஷினுக்கு மாற்றி எஸ்எஸ்எல் மறையாக்கம் கட்டாயம் என்றபோதும் ஒரே ஒரு வரிதான். அப்புறம் ஒவ்வொரு சர்வரின் கோப்பிலும் அப்ளிகேஷன்_நேம் என்று ஒரு வரி சேர்த்தேன். அன்றிலிருந்து யார் யார் கனெக்ட் ஆகியிருக்கிறார்கள் என்று போஸ்ட்கிரெஸ் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பார்த்தாலே எது எந்த சர்வரிலிருந்து வந்தது என்று பெயரோடு தெரிகிறது. இதையெல்லாம் நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒரு எளிய கோப்பு இவ்வளவு வளைந்து கொடுத்ததில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

கோடே எழுதாதவர்களும் இந்தக் கோப்பைத் திறந்து திருத்தியிருக்கிறார்கள், ஒருவரும் உடைத்ததில்லை. யாமல், ஜேசான் என்று வேறு கோப்பு வடிவங்களும் உண்டு. யாமலில் இடைவெளி ஒன்று கூடினாலே அர்த்தம் மாறிவிடும். ஜேசானில் ஒரு கமென்ட் எழுத வழியில்லை. இங்கே அந்த அளவுக்குத் தொல்லை இல்லை. பாஸ்வேர்டின் நடுவில் # வந்தாலும் கவலையில்லை. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் ஆப்ஷன் கோப்பில் மேற்கோள் போடாமல் # எழுதினால் அதற்குப் பிறகு உள்ளது கமென்ட் ஆகிவிடும்.

சரி, இப்போது அந்த % விஷயம்.

கான்ஃபிக்பார்சரில் இன்டர்போலேஷன் என்று ஒன்று, நாம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். ஒரு வரியில் எழுதிய மதிப்பை இன்னொரு வரியில் % போட்டு, அடைப்புக்குள் பெயர் எழுதி எடுத்துக்கொள்ளலாம். ஃபோல்டர் பாதைகளுக்கு அருமையான வசதி, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அது பாதை எது, பாஸ்வேர்டு எது என்று பார்ப்பதில்லை. எங்கே % கண்டாலும் அதைத் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. நிஜமாகவே ஒரு % வேண்டுமென்றால் %% என்று இரண்டாக எழுத வேண்டும். ஒரு பாஸ்வேர்டு என்பது எழுத்து மாறாமல் போய்ச் சேர வேண்டிய பொருள். அதற்குள் அர்த்தம் தேட ஒரு கோப்பு வாசிப்பானுக்கு என்ன வேலை?

மூன்று நாள் முன்பு நடந்தது இதுதான். பாஸ்வேர்டு மாற்றும் நாள். கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் பதினாறு எழுத்தில் புதிதாக ஒன்றை உருவாக்கி, டேட்டாபேஸிலும் மாற்றி, கோப்பிலும் ஒட்டியிருக்கிறான். இரவு ரிப்போர்ட் ஓடவில்லை. ஃபோன் வந்தது.

"அண்ணா, ஃபைல்ல சரியாத்தான் போட்டிருக்கேன். காப்பி பேஸ்ட்தான் பண்ணினேன், கையால ஒரு எழுத்துகூட அடிக்கல."

"பாஸ்வேர்டுல சதவீதக் குறி இருக்கா பாரு."

"ஆமாண்ணா, மூணாவது எழுத்தே அதுதான்."

அவன் மேல் துளியும் தப்பில்லை. அந்தக் கோப்பைப் பார்க்கும் எவருக்கும் அங்கே % ஒரு விசேஷக் குறி என்று தெரிய வாய்ப்பே இல்லை. இதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும், செய்தோம். அதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பிறகு அந்தப் பிழைச் செய்தியை முழுதாகப் படித்தேன். %-க்கு அடுத்து இன்னொரு % அல்லது ஓர் அடைப்புக்குறி வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, தான் கண்டது என்ன என்று காட்டுகிறது. எதைக் காட்டுகிறது தெரியுமா? அந்தக் குறியிலிருந்து மதிப்பின் கடைசி வரை உள்ள அத்தனை எழுத்தையும். மூன்றாவது எழுத்து %, ஆக பதினாறில் பதினான்கு எழுத்து லாகில், அதாவது புரோகிராமின் பதிவுக் கோப்பில். இரவு ரிப்போர்ட் விழுந்தால் லாகின் கடைசிப் பகுதி குழு முழுவதற்கும் மெயிலில் போகும்படி நான்தான் அமைத்திருந்தேன். எட்டு வருடமாக அந்த மெயிலில் பாஸ்வேர்டு போனதில்லை. கோட் எழுதும்போது பாஸ்வேர்டை எங்கும் அச்சிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன். கடைசியில் கோப்பைப் படிக்கும் மாட்யூலே அதை வெளியே போட்டுவிட்டது. அன்று இரவே திரும்ப எல்லா இடத்திலும் பாஸ்வேர்டு மாற்றினோம். விடிந்துவிட்டது.

எனக்கு இதில் ஆறவே இல்லை. பிழை வரட்டும், நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த மதிப்பை ஏன் காட்ட வேண்டும்? எந்தப் பிரிவு, எந்தப் பெயர் என்று சொன்னால் போதாதா?

இதைவிடக் கொடுமை, பாஸ்வேர்டிலேயே இரண்டு % பக்கத்துப் பக்கத்தில் வந்தால் நடப்பது. அப்போது பிழையே வராது. இரண்டை ஒன்றாக்கி, ஓர் எழுத்து குறைந்த பாஸ்வேர்டை டேட்டாபேஸுக்கு அனுப்பிவிடும். போஸ்ட்கிரெஸ் "இந்த யூசரின் பாஸ்வேர்டு தவறு" என்று மட்டும் சொல்லும். கோப்பைத் திறந்து பார்த்தால் பாஸ்வேர்டு சரியாகவே இருக்கும். இது எனக்கு ஒருமுறை நடந்தது. மூன்று மணி நேரம் போஸ்ட்கிரெஸ் பக்கத்தில் அனுமதிக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இன்டர்போலேஷனை நிறுத்த ஒரே வரி போதுமே என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், பார்சரை உருவாக்கும்போதே நிறுத்திவிடலாம். முழுக் கோப்புக்கும் நிறுத்த வேண்டாம் என்றால், அந்தப் பிரிவை எடுக்கும்போது மட்டும் ரா என்ற அமைப்பை ட்ரூ என்று கொடுக்கலாம். நான் பாதைகளுக்கு இன்டர்போலேஷனை நம்பியிருப்பதால் இரண்டாவது வழிதான் எனக்குச் சரி. ஆனால் எட்டு வருடம் கழித்து இதைச் செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏழு சர்வர்களில் இரண்டில், முன்பே பட்டுத் தெளிந்த யாரோ %% என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கோடை மாற்றிய அந்த நொடியில் அந்த இரண்டும் விழும். ஆகவே கோடும் கோப்பும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். தொடங்கும் நாளில் ஒரு வரி, இன்றைக்கு அது ஒரு ராத்திரி வேலை.

வேறு எங்கே போனாலும் இந்தக் குறி துரத்துகிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானின் க்ரான்டேப் கோப்பில், கட்டளையில் % எழுதினால் அது புதுவரி ஆகிவிடும், முன்னால் \ போட வேண்டும். கனெக்‌ஷன் விவரத்தை யூஆர்எல்லாக எழுதினால் % என்பதை %25 என்று எழுத வேண்டும். அந்த யூஆர்எல்லை டேட்டாபேஸின் அமைப்பை மாற்றப் பயன்படும் அலெம்பிக் என்ற கருவியின் ஐஎன்ஐ கோப்பில் வைத்தால் %%25, ஏனென்றால் அதைப் படிப்பதும் இதே கான்ஃபிக்பார்சர்தான். ஓர் எழுத்து, நாலு இடத்தில் நாலு வேடம். அதனால் முழுப் பழியையும் ஐஎன்ஐ மேல் போட மாட்டேன். ஆனால் கோப்பென்றால் எழுதியது எழுதியபடி இருக்கும் என்ற நம்பிக்கையில்தானே கோப்புக்கு வந்தோம்.

மற்ற குறைகளைப் பெரிதாகப் பேச விருப்பமில்லை. கோப்பு இல்லாவிட்டாலும் கான்ஃபிக்பார்சரின் ரீட் ஒன்றும் சொல்லாமல் போய்விடும், பிறகு பிரிவு இல்லை என்று வேறெங்கோ பிழை வரும். க்ரானில் ஓடும்போது நடப்பு ஃபோல்டர் வேறாக இருக்கும் என்பதால் முதல் வருடம் இதில் அடிபட்டேன். கோப்பை நாமே திறந்து ரீட்_ஃபைலுக்குக் கொடுத்தால் தீர்ந்தது. விண்டோஸ் நோட்பேடில் சேமித்த கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத பாம் (BOM) குறி வந்து முதல் தலைப்பே புரியாமல் போனதும் உண்டு. பைத்தான் 3-க்கு வந்தபோது, போர்ட் எண்ணுக்குப் பக்கத்தில் அரைப்புள்ளி போட்டு எழுதியிருந்த குறிப்பும் எண்ணோடு சேர்ந்து வந்துவிட்டது. இவையெல்லாம் ஒருமுறை கற்றுக்கொண்டால் திரும்ப வராதவை. % அப்படியில்லை. பாஸ்வேர்டு மாறும் ஒவ்வொரு முறையும், அது யார் கையில் மாறினாலும், திரும்ப வரும்.

எண்ணிக் கணக்குப் போட்டால் நல்லதுதான் அதிகம், எட்டு வருடத்தில் இந்தக் குறி என்னை விழவைத்தது நான்கே முறை. ஆனாலும் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஹோஸ்ட், போர்ட், டைம்அவுட் எல்லாம் ஐஎன்ஐ கோப்பில் இருக்கட்டும், அதில் அதை மிஞ்ச ஆளில்லை. பாஸ்வேர்டை மட்டும் அங்கே வைக்காதே, போஸ்ட்கிரெஸுக்கென்றே இருக்கும் பிஜிபாஸ் கோப்பில் வை என்றேன். லிப்பிக்யூ அதைத் தானே படித்துக்கொள்ளும், லினக்ஸில் கோப்பின் அனுமதி 0600-ஐவிட, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம் என்பதைவிட, தளர்வாக இருந்தால் படிக்கவே மறுக்கும். "அதுல எந்தக் குறியும் தொல்லை இல்லையா?" என்று கேட்டான். அங்கே : குறிக்கும் \ குறிக்கும் முன்னால் ஒரு \ போட வேண்டும் என்று உண்மையைச் சொன்னேன். "அப்போ இதுவும் அதுவும் ஒண்ணுதானே?" என்றான். ஒன்றில்லை. என் பாஸ்வேர்டை அது மெயிலில் அனுப்பாது.

என் ஏழு சர்வர்களில் மூன்றை நேற்று மாற்றிவிட்டேன். %% உள்ள அந்த இரண்டும் இன்னும் பாக்கி.